காபன் வரியின் சுமை யார் தோளில்?

பாரிஸ் லாச்சப்பலின் தமிழ்க் கடைகளில் கிடைக்கும் எந்தப் பற்றுச்சீட்டிலும் காபன் வரி என்ற சொல்லைக் காணமுடியாது. ஆயினும், கடைக்காரரின் சிற்றூர்திக்கு நிரப்பும் டீசலிலும் வாடிக்கையாளரின் வீட்டு எரிவாயுக் கட்டணத்திலும் அவ்வரி அடங்கியே இருக்கிறது.

ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு 2014இல் 7 யூரோவாக இருந்த இவ்வரி, 2018இல் 44.60 யூரோவாக உயர்ந்தது. ஒரு லீற்றர் டீசல் எரியும்போது ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. அதாவது, லீற்றருக்கு ஏறத்தாழ 12 சதம். ஆண்டுக்கு 2000 லீற்றர் எரிக்கும் ஒரு கடைக்கு இது 240 யூரோ. பேரங்காடிகள் இத்தகைய செலவைப் பல்லாயிரம் பொருட்களின் விலையில் பரப்பிவிடும். சிறு வணிகர் விலையை ஏற்றவேண்டும், அல்லது தமது இலாபத்தைக் குறைக்கவேண்டும்.

வரிவிலக்குகளைப் பார்த்தால் ஏற்றத்தாழ்வு இன்னும் தெளிவாகும். 7.5 தொன்னும் அதற்கு மேலும் எடையுள்ள பாரவூர்திகளை இயக்கும் போக்குவரத்து நிறுவனங்கள் டீசல் வரியில் ஒரு பகுதியை மீளப்பெறுகின்றன. சிற்றூர்திக்கு அச்சலுகை இல்லை. பன்னாட்டு விமானங்களின் எரிபொருளுக்கு இவ்வரியே கிடையாது. கொழும்பிலிருந்து வானில் வரும் முருங்கைக்காய்க்கு இல்லாத வரி, விமான நிலையத்திலிருந்து லாச்சப்பலுக்கு வரும் வழியில் சேர்கிறது! சார்க்கோசி அரசு கொண்டுவந்த முதலாவது காபன் வரியை, அதன் விலக்குகள் சமத்துவத்தை மீறுவதாகக் கூறி, அரசியலமைப்பு மன்றம் 2009 டிசம்பர் 29 அன்று நிராகரித்தமை நினைவுகூரத்தக்கது.

குறைந்த வருமானமுள்ள குடும்பங்கள் தம் வருவாயில் பெரும் பங்கை எரிபொருளுக்கும் வெப்பமூட்டலுக்கும் செலவிடுகின்றன. முதல் தொடருந்து புறப்படும் முன்னரே புறநகரிலிருந்து வேலைக்குச் செல்லும் துப்புரவுத் தொழிலாளிக்கு மகிழுந்தைத் தவிர வேறு வழியில்லை. 2018 நவம்பர் 17 அன்று தொடங்கிய மஞ்சள் அங்கிப் போராட்டம் இக்குமுறலையே வெளிப்படுத்தியது. அடுத்த ஆண்டுக்கான வரி உயர்வை அரசு கைவிட்டது. அன்றிலிருந்து வரிவீதம் 44.60 யூரோவிலேயே நிற்கிறது.

சுவிற்சர்லாந்தில் 2008 முதல் வெப்பமூட்டும் எரிபொருளுக்குக் காபன் வரி உண்டு. அதன் பெரும்பகுதி மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திரும்புகிறது. மக்களின் பங்கு, தலைக்குச் சம அளவில், மருத்துவக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிக்கப்படுகிறது. கனடாவிலும் பெரும்பகுதி குடும்பங்களுக்கே திருப்பியளிக்கப்பட்டது. ஆனாலும் அரசு மக்களை நம்பவைக்க இயலாமல் 2025 ஏப்ரல் 1 முதல் அங்கு நுகர்வோர் காபன் வரி நீக்கப்பட்டது. வரிப்பணம் நியாயமாகத் திரும்பவேண்டும். திரும்புவதை மக்கள் அறியவும் வேண்டும்.

2027இல் தொடங்கவிருந்து 2028க்குத் தள்ளப்பட்டுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய திட்டம், வாகன எரிபொருளுக்கும் கட்டட வெப்பமூட்டலுக்கும் காபன் விலை விதிக்கும். அதற்குமுன் செய்யவேண்டியவை பல. வரி செலுத்தத் தேவையில்லாதவரும் ஆண்டுதோறும் வருமான அறிக்கை சமர்ப்பிக்கவேண்டும்; 48 முதல் 277 யூரோ வரையிலான எரிசக்திக் காசோலைக்கான தகுதி அதைக் கொண்டே கணிக்கப்படுகிறது. பிரெஞ்சு மொழியறிந்த இளையோர் பெற்றோருக்கும் அயலவருக்கும் இதில் துணைநிற்கவேண்டும். தமிழ் வணிகர்கள் தமது எரிபொருட் கணக்கைத் தொகுத்து நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் முன்வைக்கவேண்டும். காலநிலையைக் காக்கும் கடமை அனைவருக்கும் உண்டு. அதன் செலவு நியாயமாகப் பகிரப்படவேண்டும் என்று கேட்கும் உரிமையும் லாச்சப்பலுக்கு உண்டு.