வாங்கும் அதிகாரம் எவரிடம் இருக்க வேண்டும்?

ஆட்டக்காரர்களை வாங்குவதும் விற்பதும், கோடையிலும் ஜனவரியிலும் சந்தை திறந்திருக்கும் சில வாரங்களில் மட்டும் நடைபெறுகிற வியாபாரம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். கழக நிர்வாகத்திலும் பயிற்சியிலும் ஆட்டக்காரர் தேர்விலும் உழைத்துவரும் நம் வாசகர்களுக்கு அது அப்படியன்று என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஆட்டமுறையை நாம் ஆடப்போகிறோம், அதற்கு எத்தகைய ஆட்டக்காரர்கள் வேண்டும், இன்று இருப்பவர்களில் யார் எப்போது விலகுவார்கள் என்னும் கேள்விகளுக்கு ஆண்டு முழுவதும் விடை தேடிக்கொண்டிருக்கிற ஒரு சிந்தனையின் பலனாகவே ஒவ்வொரு கொள்முதலும் அமைய வேண்டும். அந்தச் சிந்தனை கழகத்தில் யாருடைய பொறுப்பில் இருக்கிறது, அவர் போய்விட்டால் அது என்னவாகிறது என்பதுதான் இவ்விதழில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். இதற்கு உதாரணமாக, பொருள்பலத்திலும் ரசிகர் பலத்திலும் உலகின் முன்வரிசையில் நிற்கும் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் 2013-க்குப் பிந்திய சரித்திரத்தைவிடத் தக்கது வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

1986 நவம்பரில் பொறுப்பேற்ற அலெக்ஸ் பெர்குசன், 2013 மே மாதத்தில் ஓய்வு பெறும்வரை, 13 முறை லீக் பட்டத்தை அக்கழகத்துக்கு ஈட்டித் தந்தார். ஆட்டத்தை வகுப்பதும் ஆட்களைத் தேர்வதும் இளைஞர் பயிற்சியை மேற்பார்ப்பதும் ஆகிய சகல அதிகாரங்களும் அவர் ஒருவரிடமே குவிந்திருந்தன. அவருடைய கொள்முதல்களிலும் தவறுகள் இருந்தன. 2001-இல் பெரும் பொருள் கொடுத்து வாங்கிய யுவான் செபாஸ்டியன் வெரோன், இரண்டே ஆண்டுகளில் செல்சிக்கு விற்கப்பட்டார். ஆயினும் தவறு செய்தவரே அதன் விளைவை அனுபவித்துத் திருத்திக்கொள்ளும் அளவுக்கு அவர் நீண்ட காலம் நிலைத்திருந்தார். ஆகவே மேலாளர் என்ற பெயரில் இருந்தவர் உண்மையில் ஒரு நிரந்தர ஸ்தாபனமாக விளங்கினார். அவர் விலகிய அதே கோடையில், நெடுங்காலம் அவருக்குத் துணைநின்ற தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகினார். வங்கித் துறையிலிருந்து வந்தவரும், 2005-இல் கிளேசர் குடும்பம் கழகத்தை வாங்கிய காலத்திலிருந்து அவர்களோடு தொடர்புடையவருமான எட் வுட்வர்ட் அந்த இடத்துக்கு வந்தார். ஒரே சமயத்தில் இரு ஞாபகக் களஞ்சியங்கள் கழகத்தை விட்டுப் போயின. அவற்றில் இருந்ததை எழுதிவைத்துக் காப்பாற்றும் அலுவலகம் ஒன்று அங்கே ஏற்படுத்தப்பட்டிருக்கவில்லை.

அதன் பலன் அந்த முதற்கோடையிலேயே தெரிந்தது. ஆறாண்டு ஒப்பந்தத்தோடு வந்த டேவிட் மோயஸ், தாம் முன்பு பயிற்றுவித்த எவர்டன் கழகத்திலிருந்து மரூவான் ஃபெலாய்னியை வாங்க விரும்பினார். ஃபெலாய்னியின் ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருந்த விடுவிப்புத் தொகையான 2 கோடியே 35 லட்சம் பவுண்டுக்கு ஜூலை முடியும்வரை கெடு இருந்தது. அக்கெடு கடந்தபின், சந்தை மூடும் இறுதி நாளில், 2 கோடியே 75 லட்சம் பவுண்டு கொடுத்து அதே ஆட்டக்காரரை வாங்கினார்கள். வித்தியாசத் தொகை பெரிதன்று. முன்கூட்டியே தீர்மானிக்கும் புத்தி எவரிடமும் இல்லாதபோது, காலத்துக்கும் விலை கொடுக்க நேர்கிறது என்பதை அது காட்டியதே முக்கியம்.

மோயஸ் பத்து மாதங்களில் நீக்கப்பட்டார். அடுத்து வந்த லூயி வான் காலுக்காக, 2014-இல் அன்றைய பிரிட்டிஷ் உச்ச விலையான 5 கோடியே 97 லட்சம் பவுண்டுக்கு ஏஞ்சல் டி மரியா வாங்கப்பட்டு, மறு ஆண்டே நஷ்டத்தில் பாரிசுக்கு விற்கப்பட்டார். ஜோசே மொரீன்யோவின் காலத்தில், 2012-இல் ஒப்பந்தம் முடிந்து ஜுவெண்டசுக்குப் போய்விட்ட பால் போக்பாவை, அன்றைய உலக உச்ச விலையான 8 கோடியே 90 லட்சம் பவுண்டு கொடுத்து மீட்டுக்கொண்டார்கள்; அவரோ 2022-இல் மறுபடியும் ஒப்பந்தம் முடிந்து, அதே ஜுவெண்டசுக்கே சென்றார். ஒரே ஆட்டக்காரருடைய ஒப்பந்தம் இருமுறை கைநழுவியதை நம் நிர்வாகிகள் ஆழ்ந்து யோசிக்க வேண்டும். மொரீன்யோவுக்குப் பின் மேலாளரான சோல்ஷாரின் காலத்தில், ஒரு தற்காப்பாளருக்கு அதுவரை உலகில் எவரும் கொடுத்திராத 8 கோடி பவுண்டு ஹாரி மக்வயருக்காகக் கொடுக்கப்பட்டது. எரிக் டென் ஹாக்கின் காலத்திலோ, அவர் முன்பு அயாக்ஸில் பயிற்றுவித்த லிசான்ட்ரோ மார்ட்டினெஸ், ஆண்டனி, ஒனானா, டி லிக்ட், மஸ்ராவி என்று ஐவர் வரிசையாக வந்தார்கள். அவர்களுள் ஏறத்தாழ 8 கோடி பவுண்டுக்கு வாங்கப்பட்ட ஆண்டனி, மூன்றே ஆண்டுகளில் அதில் நான்கில் ஒரு பங்கு அளவான விலைக்கு ஸ்பெயினின் பெட்டிஸ் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். முப்பது வயது நிரம்பிய கசெமிரோவுக்கு நான்காண்டு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டதும் அந்தக் காலத்திலேதான். கொத்தனார் மாறும்போதெல்லாம் அவரவர் மனத்திலுள்ள வரைபடத்தின்படி ஒவ்வோர் அறையை எழுப்பிவிட்டுப் போன வீட்டைப்போல, அந்த அணியில் தனித்தனியே குறைசொல்ல முடியாத பலர் இருந்தும், ஒருவருக்கொருவர் பொருந்தும் பதினொருவர் இல்லாமற்போயினர்.

இங்கே பொருட்பற்றாக்குறை காரணமன்று. கழகத்தை வாங்கியபோது உரிமையாளர்கள் அதன்மீதே சுமத்திய கடன் ஒரு பெருந்தீங்கு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் 2013-க்குப் பின் ஆட்டக்காரர்களை வாங்குவதற்காகவே அக்கழகம் 100 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட தொகையைச் செலவிட்டிருக்கிறது.

மேலாளர்களின் ஒப்பந்தங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். மொரீன்யோவுக்கு 2018 ஜனவரியில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அந்தக் கோடையில் அவர் வற்புறுத்திக் கேட்ட மத்தியத் தற்காப்பாளரை வாங்கித் தர மறுத்தார்கள். டிசம்பரில் அவரை நீக்கி, அவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்குமாக 1 கோடியே 96 லட்சம் பவுண்டு ஈடு கொடுத்தார்கள். சோல்ஷாருக்கு 2021 ஜூலையில் புதிய ஒப்பந்தம், நவம்பரில் நீக்கம். டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் நீட்டிப்பு, அக்டோபரில் நீக்கம். ஒரு மனிதரிடத்தில் நம்பிக்கை வைப்பதாக ஊரறியக் கையொப்பமிட்டு, ஓராண்டு முடியுமுன்னே அந்நம்பிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் மூன்று முறை நிகழ்ந்திருக்குமானால், அதற்கு மேலாளர்களின் குணாதிசயங்களைக் காரணமாகச் சொல்லித் தப்ப முடியாது.

இனிக் கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். நம்மவர்களிற் பலர் இதைக் கணக்காளரின் காரியம் என்று ஒதுக்கிவிடுவதால், சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஓர் ஆட்டக்காரரை 8 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், ஆண்டுக்கு 1 கோடியே 60 லட்சம் வீதம் அத்தொகை கணக்கில் கழிக்கப்படும். இரண்டாண்டு கழித்து அவரை 4 கோடிக்கு விற்றால், ஏட்டிலுள்ள மதிப்பு அப்போது 4 கோடியே 80 லட்சமாகையால், இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நஷ்டமாகப் பதிவாகும். 4 கோடி பணம் உண்மையிலேயே வந்திருந்தும் ஏடு 80 லட்சம் நஷ்டம் காட்டும் என்பதே விஷயம். மாறாக, கழகத்தின் சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த இளைஞரை விற்றால், அவருக்கென்று ஏட்டில் விலையே இல்லாதபடியால், வருகிற தொகை முழுவதும் லாபமாகவே எழுதப்படும். மூன்றாண்டு காலத்தில் 10 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டம் கூடாதென்று பிரீமியர் லீக் விதித்த வரம்பின்கீழ், இந்தப் பேதம் கழகங்களின் தீர்மானங்களையே திருப்பிவிடும் சக்தி பெற்றுவிட்டது. வாங்கியதில் செய்த பிழைக்கு, வளர்த்த பிள்ளையை விற்று ஈடுகட்ட நேருகிறது.

ஸ்காட் மெக்டோமினேயின் விஷயம் இதற்குக் கண்கூடான சாட்சி. 1937 அக்டோபர் முதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கான அணியிலும் தன் பயிற்சிக்கூடத்து இளைஞர் ஒருவரேனும் இடம்பெறுவதைப் பெருமையாகக் கருதும் அக்கழகம், சிறுபிராயத்திலிருந்து தன்னிடமே வளர்ந்த அவரை 2024 ஆகஸ்டில் ஏறத்தாழ 2 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு நாப்போலிக்கு விற்றது. அந்தப் பருவ முடிவில் நாப்போலி இத்தாலிய லீக் பட்டத்தை வென்றது. அந்த லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரராக மெக்டோமினே தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே பருவத்தில் மான்செஸ்டர் யுனைடெட் 15-ஆம் இடத்தில் முடிந்தது.

வேறு வழியில் நடந்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்பெயினின் செவில்லா 2000-இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோது, அதன் முன்னாள் கோல்காவலர் மோஞ்சி விளையாட்டு இயக்குநராக அமர்ந்தார். பிரேசிலின் பாயியாவிலிருந்து வந்த தானி ஆல்வெசும், ஷால்கேயிலிருந்து வந்த இவான் ராக்கிடிச்சும் அங்கே மெருகேறிப் பார்சிலோனாவுக்குப் பெரும் விலைக்குப் போனார்கள். மேலாளர்கள் பலர் மாறியும், 2006-க்கும் 2023-க்கும் இடையே யூஈஎஃப்ஏ கோப்பையையும் அதன் வழிவந்த யூரோப்பா லீக்கையும் சேர்த்து ஏழு முறை அக்கழகம் வென்றது. இங்கிலாந்திலேயே பிரைட்டன் கழகம், தன் மேலாளர் கிரகாம் பாட்டரை 2022-இல் செல்சிக்கு இழந்தபின், தன் ஆட்டமுறையோடு இசையக்கூடிய டி செர்பியைத் தேடிக் கொண்டுவந்து, அந்தப் பருவத்திலேயே 6-ஆம் இடம் பெற்று முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. ஈக்வடாரிலிருந்து சொற்ப விலைக்கு அழைத்துவந்த மோய்செஸ் கைசெடோவை, 2023-இல் 10 கோடி பவுண்டுக்கு அது விற்றது. மேலாளர் போவார் என்பதையும் ஆட்டக்காரர் போவார் என்பதையும் முன்பே எதிர்பார்த்து, அடுத்தவரைத் தேடிவைத்திருந்ததே அதன் சாமர்த்தியம்.

அப்படியானால் விளையாட்டு இயக்குநர் என்ற உத்தியோகத்தை உண்டாக்கிவிட்டால் போதுமா? போதாது என்பதற்கும் மான்செஸ்டரே உதாரணம். அக்கழகத்தில் கால்பந்து இயக்குநர் பதவி 2021-இல்தான் முதன்முதலாக ஏற்பட்டது. டென் ஹாக்கின் பெரும் கொள்முதல்கள் எல்லாமே அதற்குப் பின்னரே நடந்தன. 2024-இல் ஜிம் ராட்கிளிஃப் பங்குதாரராகி ஆட்டத் துறையின் பொறுப்பை ஏற்றபின், பிரைட்டனில் தொழில்நுட்ப இயக்குநராகப் பணியாற்றி நற்பெயர் பெற்ற டேன் ஆஷ்வொர்த்தை நியூகாசிலிடமிருந்து ஈடுகொடுத்துப் பெற்றார்கள். அவர் ஜூலையில் பணியேற்று டிசம்பரில் விலகிவிட்டார். இடையிலேயே மேலாளரும் மாறினார். நால்வர் தற்காப்புக்கென்று சேர்க்கப்பட்ட அணியை, மூவர் தற்காப்பும் இருபுறமும் ஓடியாடும் பக்கவாட்டு ஆட்டக்காரர்களும் கொண்ட முறையில் ஊன்றிய ரூபென் அமோரிமிடம், 2024 நவம்பரில், பருவத்தின் நடுவில் ஒப்படைத்தார்கள். ஆஷ்வொர்த் பிரைட்டனில் இருந்தபோதும் மான்செஸ்டரில் இருந்தபோதும் அதே மனிதர்தான். அவரைச் சூழ்ந்திருந்த ஏற்பாடுதான் வேறு. பிரைட்டனில் உரிமையாளரும் நிர்வாகியும் மேலாளரும் தத்தம் எல்லையை அறிந்திருந்தார்கள். எல்லை வகுக்கப்படாத இடத்தில் எத்தனை சமர்த்தரை அமர்த்தினாலும், அவர் மேலும் ஓர் ஆலோசகராகவே முடிவார்.

ஆகையால் நம் துறையைச் சேர்ந்தவர்களிடம் சில விஷயங்களை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். கழகம் எவ்வகை ஆட்டத்தை ஆட விரும்புகிறது என்பதை, மேலாளரைத் தேடுவதற்கு முன்பே நிர்வாகக் குழு எழுதி வைக்க வேண்டும். அவ்வெழுத்துக்கு இசைந்தவரையே மேலாளராக அழைக்க வேண்டும். தமக்கு ஒவ்வாத ஆட்டக்காரரை மறுக்கும் உரிமை மேலாளருக்கு முழுமையாக இருக்கட்டும். தாமே பெயர் குறித்துத் தம் பழைய சீடர்களைக் கொண்டுவரும் உரிமை மட்டும் வேண்டாம். ஒப்பந்தம் முடிய இரண்டாண்டு இருக்கும்போதே புதுப்பிப்பதா விற்பதா என்ற முடிவு ஒவ்வோர் ஆட்டக்காரர் விஷயத்திலும் எடுக்கப்பட வேண்டும். போக்பாவின் பெயரை அந்தக் கூட்டத்தில் யாரேனும் நினைவூட்டுவது நல்லது. ஒவ்வொரு கொள்முதலுக்கும், ஏன் இவர், எதற்காக இவ்விலை, எவர் இதை ஆதரித்தார் என்பதை அன்றே பதிவு செய்து, ஓராண்டு கழித்தும் மூன்றாண்டு கழித்தும் அதே மனிதர்கள் உட்கார்ந்து அதை எடுத்துப் படிக்க வேண்டும். இடையில் அவர்களுள் எவரேனும் பதவி விலகினால், அவர் பொறுப்பை ஏற்பவரிடம் சாவியோடு இந்தப் பதிவேடும் ஒப்படைக்கப்பட வேண்டும்.