வெப்சைட் தெரியுது... மெயில் எங்கே பாஸ்?

சிம்போசியத்துக்குப் பேப்பர் அனுப்பக் கடைசி தேதி நெருங்கிடுச்சு. வெப்சைட் ஜம்முனு திறக்குது. ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாச்சு. ஆனா, இன்பாக்ஸில் ஒரு பேப்பர்கூட இல்லை! ஃபீஸ் ஜாஸ்தியோ, தலைப்பு சரியில்லையோன்னு நீங்க தலையைப் பிய்ச்சுக்கிட்டு இருக்கும்போது, வெளியூர் காலேஜிலிருந்து ஒரு போன்... ‘‘அண்ணா, அனுப்பின மெயில் அஞ்சு நாள் கழிச்சுத் திரும்பி வந்துடுச்சு!’’

கதையில்லை, எனக்குத் தெரிஞ்ச ஒரு காலேஜில் நடந்தது. ரெண்டு வாரம் முன்னாடிதான் டொமைனை வேற டி.என்.எஸ். சர்வருக்கு மாத்தியிருந்தாங்க. ஃபைனல் இயர் பையன் ஒருத்தர் ‘ஏ’ ரெக்கார்டைப் பத்திரமா காப்பி பண்ணினார். பிரவுசரில் சைட் வந்துச்சு. எல்லாரும் டீ குடிக்கக் கிளம்பிட்டாங்க. ‘எம்எக்ஸ்’ ரெக்கார்டு? அது பழைய சர்வரிலேயே அநாதையா கிடந்தது!

டி.என்.எஸ். நம்ம காலேஜ் ஆபீஸ் கிளார்க் மாதிரி. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் வரும். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் இதை வடிவமைச்சபோதே, ஒரே பெயருக்குக் கீழே பலவகை ரெக்கார்டுகள் இருக்கலாம்னு வெச்சுட்டார். வெப்சைட் இருக்கிற 32 பிட் ஐ.பி. முகவரி ‘ஏ’. புது ஐ.பி. முகவரி 128 பிட், அதாவது நாலு மடங்கு. அதனாலதான் அதுக்கு நாலு ‘ஏ’! மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்றது எம்எக்ஸ்; கூடவே ஒரு நம்பர் இருக்கும், சின்ன நம்பருக்குத்தான் முதல் மரியாதை. இந்த டொமைனுக்கு யார் பொறுப்புன்னு சொல்றது ‘என்எஸ்’. உங்க பெயரில் யாரெல்லாம் மெயில் அனுப்பலாம்ங்கிற எஸ்.பி.எஃப். லிஸ்ட் ‘டெக்ஸ்ட்’ ரெக்கார்டில் இருக்கும்.

எம்எக்ஸ் இல்லைன்னா மெயில் உடனே திரும்பி வராதா? வராது! அனுப்புற சர்வர் நேரா ‘ஏ’ முகவரியின் கதவைத் தட்டும். அங்கே இருக்கிறது வெறும் வெப் சர்வர். பதில் இல்லாம, நாலஞ்சு நாள் சத்தமில்லாம தட்டிக்கிட்டே இருந்துட்டு, அப்புறம்தான் கைவிரிக்கும். அந்த அஞ்சு நாள் அமைதிதான் ஆபத்து.

‘எல்லாத்தையும் ஒரே கேள்வியில் கேட்டுட்டா?’ன்னு தோணுதா? அதுக்கு ‘எனி’ன்னு ஒரு வகை இருந்தது. சின்ன கேள்வி, பெரிய பதில். அடுத்தவன் முகவரியைப் போட்டுக் கேட்டு, பதில் குவியலை அவன் தலையில் கொட்ட ஆரம்பிச்சாங்க வில்லன்கள். 2015-ல் கிளவுட்ஃப்ளேர் இதுக்குப் பதில் தர்றதை நிறுத்திச்சு. பேருக்கு ஒரு பதில் தந்தா போதும்னு 2019-ல் விதியே வந்தாச்சு. ஆக, ஒவ்வொண்ணா கேட்கிற வேலையை ஸ்கிரிப்ட்டிடம் விட வேண்டியதுதான்.

பைத்தானில் ‘டிஎன்எஸ்பைத்தான்’ லைப்ரரியை இன்ஸ்டால் பண்ணுங்க. வகைகளை ஒரு லிஸ்ட்டில் போடுங்க. ஒரு ‘ஃபார்’ லூப், உள்ளே ‘ரிசால்வ்’ ஃபங்ஷன், பதிலை பிரின்ட் பண்ணுங்க. பத்துப் பதினஞ்சு வரிதான். (பழைய புத்தகங்களில் ‘கொய்ரி’ன்னு இருக்கும், 2020-ல் வந்த 2.0 பதிப்பிலிருந்து ‘ரிசால்வ்’தான்.)

எல்லாரும் வழுக்கி விழுற இடம் ‘எக்ஸப்ட்’. எந்த எரர் வந்தாலும் ‘இல்லை’ன்னு பிரின்ட் பண்ணிட்டுப் போயிடுவோம். ‘என்எக்ஸ்டொமைன்’ வந்தா அந்தப் பெயரே இல்லைன்னு அர்த்தம், எழுத்துப்பிழையாகூட இருக்கலாம். ‘நோஆன்ஸர்’னா பெயர் இருக்கு, நீங்க கேட்ட வகை மட்டும் இல்லை. நம்ம சிம்போசியம் கேஸ் இதுதான். ‘டைம்அவுட்’னா ரெண்டையும் சொல்ல முடியாது, மறுபடி கேட்கணும். மூணையும் தனித்தனியா பிடிங்க.

இன்னொரு விஷயம்... லேப் நெட்வொர்க்கில் சும்மா கேட்டா பழைய பதில்தான் வரலாம். 86400 விநாடின்னு போட்டிருந்தா ஒரு நாள் முழுக்க அதையே ஒப்பிக்கும். அதனால, டொமைனை மாத்துறதுக்கு முன்னாடியே பழைய சர்வர், புது சர்வர் ரெண்டுகிட்டயும் நேரா கேளுங்க. ரிசால்வரின் ‘நேம்சர்வர்ஸ்’ லிஸ்ட்டில் அந்த சர்வரின் ஐ.பி. நம்பரைக் கொடுத்தா போதும். பதில்களை வரிசைப்படுத்தி ரெண்டு ஃபைலில் போட்டு ஒப்பிடுங்க. வரிசைப்படுத்தலைன்னா, ஒரே பதிலே முன்னும் பின்னுமா வந்து உங்களைக் குழப்பும். ‘என்எஸ்’ வேற மாதிரி வந்தா நியாயம். வெப்சைட்டையும் இடம் மாத்தினா ‘ஏ’வும் மாறலாம். எம்எக்ஸ் காணோம்னா டீ குடிக்கப் போகாதீங்க!

ஒரு எச்சரிக்கை: நீங்க கேட்கிற பெயருக்குத்தான் ஸ்கிரிப்ட் பதில் கொண்டுவரும். ‘டப்ள்யூடப்ள்யூடப்ள்யூ’ தனிப் பெயர், டிமார்க் விவரமும் தனிப் பெயரில் இருக்கு. பெயர்களின் முழு லிஸ்ட்டை டொமைனோட கணக்கில் நுழைஞ்சு எடுத்துக்கறதுதான் பத்திரம்.

அந்தக் காலேஜில் எம்எக்ஸ் வரியைச் சேர்க்க ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. கடைசி தேதியை ஒரு வாரம் தள்ளி வெச்சாங்க. திரும்பி வந்த மெயிலைப் பார்த்தவங்க மறுபடி அனுப்பினாங்க. பார்க்காதவங்க எத்தனை பேர்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.