காதுக்கு ஏன் வாக்குரிமை இல்லை?

"இரண்டுக்கும் முதுகு ஒரே பழுப்பு, வயிற்றில் ஒரே பிறைக்கோடுகள். பெயர் வைக்கும் ஆசையில் ஒரு பறவையை இரண்டாக்கிவிட்டார்கள்" என்கிறார் நண்பர். இமயமலைப் பூங்குருவிகள் மீதான இந்தத் தீர்ப்பு கண்ணை மட்டும் விசாரித்துவிட்டு எழுதப்பட்டது.

2009-இல் மேற்கு அருணாசலத்தில் பறவை ஆய்வாளர்கள் பெர் ஆல்ஸ்ட்ரோமுக்கும் ஷஷாங்க் தால்விக்கும் சந்தேகம் தட்டியதே பாட்டைக் கேட்டுத்தான். ஊசியிலைக் காட்டுக்குள் பாடியது இழைந்து இனித்தது. அதே மலையில் மரங்கள் முடிந்து பாறை தொடங்கும் உயரத்தில் பாடியது கரகரவென்று பிறாண்டியது. பூங்குருவி துணை தேடுவது நம் கையேட்டுப் படத்தைப் புரட்டியா?

பெயராசை பிடித்தவர்கள் அன்றே பெயர் வைத்திருப்பார்கள். இவர்களோ பல நாட்டு அருங்காட்சியகங்களில் பாடம் செய்த பறவைகளின் அலகையும் வாலையும் அளந்தார்கள், மரபணுவையும் ஒப்பிட்டார்கள். இரு கிளைகளும் பிரிந்து பல பத்து லட்சம் ஆண்டுகள் ஆகியிருந்தன. காட்டுப் பறவைக்குப் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயர் கிடைத்தது 2016-இல்தான். (சிச்சுவானில் மூன்றாவது ஒன்றும் பிரிந்தது, அதை நண்பருக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.)

இரண்டின் ஒலிப்பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு அவர் வரட்டும், மேற்கொண்டு பேசலாம்.