கூர்முனையை வாங்குவதா, செய்வதா?

அரிவாளைச் சாணை பிடிக்கிறோம், பென்சிலைச் சீவுகிறோம். கூர் என்றாலே ஒன்றை இன்னொன்றின் மீது வைத்துத் தேய்ப்பது என்றுதான் நம் கைகளுக்குப் பழக்கம். வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் ஒளியிழையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலுறையை உரித்துவிட்டால் மிஞ்சும் கண்ணாடியின் விட்டம் 125 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. இதன் நுனியை இன்னும் ஆயிரம் மடங்கு மெல்லியதாக்க வேண்டும் என்றால் சாணைக்கல்லும் அரமும் கைவிரித்துவிடும். அங்கே வேலை செய்வது அமிலம். தேய்க்காமல், கரைத்தே கூராக்கும் இந்த முறை சில சொட்டு அமிலமும் கொஞ்சம் எண்ணெயும் நிறையப் பொறுமையும் கேட்பது. நம் பல்கலைக்கழகங்களில் அறிவியல் எப்படிக் கற்பிக்கப்படுகிறது, ஆராய்ச்சிப் பணம் எதற்குச் செலவாகிறது என்ற பெரிய கேள்விகளை இந்தச் சின்ன நுனியின் மீது நிறுத்திப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

செய்முறை எளிது. பிளாஸ்டிக் குப்பியில் சுமார் 40 சதவீதச் செறிவுள்ள ஹைட்ரோஃபுளூரிக் அமிலம்; கண்ணாடிக் குடுவையில் ஊற்றினால் குடுவையையே தின்றுவிடும். அமிலத்தின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். மேலிருந்து ஒளியிழையைச் செங்குத்தாக இறக்குகிறார்கள். குவளையின் ஓரத்தில் தண்ணீர் சற்றே ஏறி நிற்பதுபோல, அமிலம் இழையைப் பற்றிக்கொண்டு கொஞ்சம் மேலேறும். பாடநூல்கள் பிறைத்தளம் என்று சொல்வது இதைத்தான். இழை பருமனாக இருந்தால் பிறை உயரமாக ஏறும், மெலிந்தால் தாழும். அமிலம் கரைக்கக் கரைக்க இழை மெலிகிறது, மெலிய மெலியப் பிறை இறங்குகிறது, பிறை கைவிட்ட பகுதியை எண்ணெய் மூடிக் காப்பாற்றிவிடுகிறது. மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் அரிக்கப்பட்டு, ஓரிரு மணி நேரத்தில் கூம்பு ஒன்று உருவாகிவிடும். மூழ்கியிருந்த பகுதி முழுவதும் கரைந்ததும் அமிலம் தொடுவதற்கு இழை இல்லை. வேலை தானாக நின்றுவிடுகிறது. எண்ணெயை மாற்றினால் கூம்பின் கோணம் மாறும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டென்னிஸ் டர்னர் 1984-இல் காப்புரிமை பெற்ற முறை இது.

இத்தனை கூர் எதற்கு? ஜெர்மானிய இயற்பியலர் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் ஓர் எல்லைக்கோடு போட்டார்: சாதாரண நுண்ணோக்கியால் ஒளியலையின் நீளத்தில் ஏறத்தாழப் பாதிக்குக் குறைவான பொருள்களைப் பிரித்துக் காட்ட முடியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பொறுத்தவரை இது 200 நானோமீட்டர் அளவு. அயர்லாந்தின் எட்வர்ட் சின்ஜ் 1928-இல் ஒரு குறுக்கு வழி சொன்னார். ஒளியலையைவிடச் சிறிய துளை வழியாக ஒளியைக் கசியவிட்டு, அந்தத் துளையைப் பொருளுக்கு மிக அருகில் நகர்த்திக்கொண்டே போனால், துளையின் அளவுதான் எல்லை, அலைநீளம் அல்ல. யோசனை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஏட்டில் கிடந்தது, அத்தகைய துளையைச் செய்து கையாளும் வித்தை யாருக்கும் கைவராததால். 1980-களில்தான் அது ஆய்வகத்துக்கு வந்தது. கூராக்கிய ஒளியிழையின் பக்கங்களில் அலுமினியம் பூசி, உச்சியில் மட்டும் ஐம்பது அல்லது நூறு நானோமீட்டர் திறப்பு விட்டால், சின்ஜ் கேட்ட துளை தயார். இவ்வளவு மெல்லிய முனையை உயிருள்ள ஒற்றைச் செல்லுக்குள் செலுத்தி, உள்ளே இருக்கும் வேதிப்பொருளை அளந்தவர்களும் உண்டு.

இந்தக் கதை காரைக்குடிக்கு அந்நியமல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 பொங்கல் நாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது ‘சிக்ரி’. உலோகம் எப்படி அரிக்கப்படுகிறது, அரிப்பை எப்படித் தடுப்பது, அரிப்பையே எப்படி வேலைவாங்குவது என்பதுதான் அந்தத் துறையின் அடிப்படைப் பாடம். பக்கத்திலேயே அழகப்பா பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஆகவே, நானோ அளவிலான கூர்முனைகளைச் செய்யும் கைத்திறனைத் தென் மாவட்டங்களின் அறிவியல் மாணவர்களுக்குக் கற்றுத்தரும் இடமாகக் காரைக்குடி மாற வேண்டும். கருவியை வாங்கியதற்கு இருக்கும் மதிப்பு, கருவியின் உறுப்பைத் தன் கையால் செய்ததற்கும் நம் ஆராய்ச்சி அமைப்புகளில் கிடைக்க வேண்டும் என்பது என் வாதம்.

காரணம், முனையைச் செய்யத் தெரிந்தவர்களே அடுத்த கண்டுபிடிப்புக்கும் முதலில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். டர்னர் முறையில் ஒரு குறை உண்டு: அறையின் அதிர்வும் வெப்பநிலையும் பிறையை ஆட்டிவிடுவதால் கூம்பின் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும், ஒளி வழியிலேயே கசியும். சூரிச் நகரின் இ.டி.எச். பல்கலைக்கழகத்தில் ரெனாட்டோ செனோபியின் குழு 1999-இல் வெளியிட்ட தீர்வு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. இழையின் பிளாஸ்டிக் மேலுறையை உரிக்காமலே அமிலத்தில் இறக்கினார்கள். பிளாஸ்டிக்கை அமிலம் தொடாது; உள்ளே கண்ணாடி மட்டும் கரையும். உறையே ஒரு குழாயாகி, வெளி அசைவுகளிலிருந்து கூம்பைக் காத்தது. முனை வழவழப்பாக வந்தது. அதே குழு 2000-ஆம் ஆண்டில், உலோகம் பூசிய கூர்முனையை வைத்து ராமன் ஒளிச்சிதறலைப் பல மடங்கு பெருக்கிக் காட்டியது. அவ்வாண்டில் இந்த உத்தியைத் தனித்தனியே எட்டிய சில குழுக்களுள் அதுவும் ஒன்று. 1928-இல் சின்ஜ் எழுதிய யோசனையும், நம் திருச்சி மண்ணில் பிறந்த ராமன் அதே 1928-இல் கல்கத்தாவில் கண்ட விளைவும் எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு கூர்முனையில் சந்தித்தன. அந்தச் சந்திப்பு நிகழ்ந்த ஆய்வகங்களின் வரிசையில் நம் பெயர் முன்னால் இல்லாதது, ராமனைப் பாடத்தில் படிக்கும் நமக்கு உறைக்க வேண்டும்.

எரிக் பெட்சிக்கின் வாழ்க்கை இன்னொரு சான்று. பெல் ஆய்வகத்தில் இருந்தபோது, சூடேற்றி இழுத்து மெலித்த ஒளியிழை முனைகளைக் கொண்டு அபேயின் எல்லையைத் தாண்டிய படங்களை 1991-இல் வெளியிட்டவர் அவர். பின்னர் அந்தத் துறையே சலித்து, ஆய்வை விட்டுத் தந்தையின் இயந்திரக் கருவி நிறுவனத்தில் வேலை பார்த்தார். திரும்பி வந்தபோது நண்பர் ஹரால்டு ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையிலேயே புதிய வகை நுண்ணோக்கியைக் கட்டினார்கள். 2014-இன் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. முனை செய்த வேலை அவருக்கு நோபல் தரவில்லை. அந்த முனைகளின் குறைகளை விரல்நுனியில் அறிந்திருந்தது, வேறு வழியைத் தேட வைத்தது. விலைக்கு வாங்கிய கருவி பழுதாகும்போது விற்றவரைக் கூப்பிடுகிறோம். செய்த கருவி பழுதாகும்போது யோசிக்கிறோம்.

வாங்கிக்கொள்ளும் வசதியும் நிரந்தரமல்ல. 2019 ஜூலையில் ஜப்பான், தென்கொரியாவுக்கான மூன்று பொருள்களின் ஏற்றுமதியை இறுக்கியது. அவற்றில் ஒன்று, கண்ணாடியையும் சிலிக்கான் ஆக்சைடையும் அரிக்கும் இதே ஹைட்ரஜன் ஃபுளூரைடு. உலகின் நினைவகச் சில்லு உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் நாடே ஒரு வேதிப்பொருளுக்காகப் பதறிப்போய், உள்நாட்டிலேயே தயாரிப்பதில் இறங்கியது. பெரிய இயந்திரங்கள் எல்லாம் ஆலையில் நின்றுகொண்டுதான் இருந்தன. நெருக்கடி வந்தது எளிய பொருளில். நம் ஆய்வகங்களிலும் இதன் சிறிய வடிவம் உண்டு. கோடிக்கணக்கில் வாங்கிய நுண்ணோக்கி, அதன் நுனி தீர்ந்துபோய், அடுத்த நிதி ஒதுக்கீடு வரும்வரை உறை போர்த்தி நிற்கலாம். நுனிதான் அடிக்கடி உடையும், தேயும், மாற்ற வேண்டிய உறுப்பு.

எதிர்வாதங்கள் இலேசானவை அல்ல. முதலாவது: இந்த முனைகளும், அணுவிசை நுண்ணோக்கிக்கான முனைகளும் சந்தையில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன, ஒன்றுபோல் ஒன்று இருக்கும், மாணவர் பத்துச் செய்தால் இரண்டு தேறும், இளம் ஆய்வாளரின் பொன்னான மாதங்களை அமிலக் குப்பியின் முன் வீணாக்குவதா? உண்மைதான். அன்றாட அளவீட்டுக்கு வாங்கிய முனையே சிறந்தது. நானும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அரசின் கணக்குப்படியே 2020–21-இல் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குப் போனது. அந்தச் சொற்பத்திலும் ஒரு பங்கு வெளிநாட்டுக் கருவிக்கும் அதன் உதிரிக்கும் திரும்பிப் போவது எப்படிச் சிக்கனமாகும்? தேறாத எட்டு முனைகளும் வீண் அல்ல. ஏன் ஒன்று கோணலானது, ஏன் ஒன்று மொட்டையானது என்று பார்ப்பவர் பரப்பு இழுவிசையையும் வெப்பச் சலனத்தையும் வேதிவினை வேகத்தையும் ஒரே பகலில் கற்றுக்கொள்கிறார். தேர்வுக்குப் படித்து மறந்த மூன்று பாடங்கள் அவை.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது: இந்த அமிலம் உயிர்கொல்லி. பொற்கொல்லர் பட்டறைத் திராவகம் பட்டால் உடனே சுடும், கையை எடுத்துவிடுவோம். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் நீர்த்த நிலையில் பட்டால் பல மணி நேரம் வலியே தெரியாமல் போகலாம். அதற்குள் தோலைக் கடந்து, உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, எலும்பையும் இதயத் துடிப்பையும் தாக்கும். 2012 செப்டம்பரில் தென்கொரியாவின் கூமி நகரில் நடந்த கசிவில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கையருகே இல்லாத, புகைபோக்கி அறை ஒழுங்காக இயங்காத கல்லூரிக்கு இந்த அமிலம் போகவே கூடாது. இதில் எனக்குச் சமரசம் இல்லை. அதற்காக அமிலத்தைக் கண்டு ஒதுங்கினால் ஆபத்து குறைந்துவிடுமா? கடலூர் சிப்காட்டில் டான்ஃபாக் நிறுவனம் இதைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்கிறது. சில்லு ஆலைகள் வேண்டும் என்று மாநிலங்கள் போட்டிபோடுகின்றன. அந்த ஆலைகள் இந்த அமிலம் இல்லாமல் ஓடாது. இதைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரிந்த தலைமுறை நமக்கு எப்படியும் தேவை. அவர்கள் எங்கே பழகுவது? கண்காணிப்புள்ள ஓர் ஆய்வகத்தில், சில மில்லிலிட்டர் அளவில் பழகுவதா, அல்லது ஆலையில் டன் கணக்கில் பழகுவதா?

அதற்கு ஒரு படிக்கட்டும் இருக்கிறது. டங்ஸ்டன் கம்பியைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இறக்கி, சில வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் அதே பிறைத்தள வித்தை நடக்கும். கரைசலின் பரப்பில் கம்பி மெலிந்து, கழுத்து நூலாகி, கீழ்ப்பகுதியின் எடை தாங்காமல் அறுந்து விழும். அந்த நொடியில் மின்சாரத்தை நிறுத்தினால் மேலே நிற்பது வருடும் ஊடுருவல் நுண்ணோக்கிக்கு (STM) ஏற்ற முனை. கண்ணாடியும் கையுறையும் அணிந்த இளநிலை மாணவர் ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். முதல் படி எல்லாக் கல்லூரிகளிலும் டங்ஸ்டன். அதில் கை தேறியவர்களுக்கு மட்டும், ஒரே ஒரு பொது ஆய்வகத்தில் ஒளியிழை. கழிவு நீரைச் சுண்ணாம்பால் முறித்தால் கரையாத கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்துவிடும். அமிலத்தைத் தயாரிக்கத் தோண்டியெடுக்கும் ஃபுளோர்ஸ்பார் கனிமமும் அதுவேதான். தர்மபுரி நிலத்தடி நீரில் ஃபுளூரைடு என்ன செய்திருக்கிறது என்று தெரிந்த மாநிலத்தில், இந்தக் கழிவுப் பாடத்தையும் செய்முறைத் தேர்வில் சேர்ப்பது நியாயம்.

மூன்றாவதாக, ஒளியிழை முனைகளின் காலம் முடிந்துவிட்டது, பெட்சிக் போன்றோரின் புதிய நுண்ணோக்கிகள் அவற்றை ஓரங்கட்டிவிட்டன என்பார்கள். ஓரளவு சரி. ஆனால் கற்றுத்தரச் சொல்வது ஒரு முனையை மட்டுமல்ல. பொருளின் இயல்பையே கருவியாக்கும் பழக்கத்தை. செட்டிநாட்டுக்கு இது புதிதல்ல. ஆத்தங்குடியில் பூக்கல் செய்பவர் மேற்பரப்பை மெருகேற்ற இயந்திரம் வைத்திருப்பதில்லை. வண்ணக் கலவையைக் கண்ணாடித் தகட்டின் மீது ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் இட்டு அமுக்குகிறார்; காய்ந்து பிரியும்போது கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. கண்ணாடிக்கு இயல்பாகவே இருக்கும் குணத்தைக் கடன் வாங்கும் அந்த அறிவும், பிறைத்தளத்துக்கு இயல்பாகவே இருக்கும் குணத்தைக் கடன் வாங்கிய டர்னரின் அறிவும் ஒரே இனம்.

செய்ய வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. சிக்ரியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து காரைக்குடியில் ஒரு பொது முனைப் பட்டறை தொடங்கலாம். மதுரை, திருச்சி, நெல்லை மாணவர்கள் இரண்டு வாரம் வந்து பழகிப் போகலாம். ஆராய்ச்சி நிதி வழங்கும் அமைப்புகள், வாங்கும் கருவிப் பட்டியலுக்குப் பக்கத்தில் ‘செய்யப்போகும் உறுப்புகள்’ என்று ஒரு பத்தியைச் சேர்த்து, அதற்கும் மதிப்பெண் தரலாம். முனைவர் பட்ட ஆய்வேட்டில் கருவி செய்த அத்தியாயத்தைப் பிற்சேர்க்கையாகத் தள்ளாமல் முழு அத்தியாயமாக ஏற்கலாம். கல்லூரி கட்டவும் ஆய்வகத்துக்கு நிலம் கொடுக்கவும் அன்று ஒரு தனி மனிதர் முன்வந்த ஊர் இது. இன்று கேட்பது ஏக்கர் கணக்கில் நிலமல்ல. ஒரு புகைபோக்கி அறை, சில பிளாஸ்டிக் குப்பிகள், எட்டு முனைகள் கெட்டுப்போவதைப் பொறுத்துக்கொள்ளும் மனம்.