மருந்து இருக்கு, வேளைக்குக் கிடைக்கணும்!

விவசாயப் பெருங்குடி மக்களே!

பாம்புக்கடி மாடி வீட்டுக்காரனைத் தேடிப் போவதில்லை. நாற்று நடுகிற பெண்ணையும், ராத்திரி மோட்டார் போடப் போகிறவனையும், தரையில் பாய் விரித்துப் படுக்கிற பிள்ளையையும்தான் தேடி வருது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்பு கடித்துச் செத்திருப்பார்கள் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. வருஷத்துக்கு 58,000 உயிர்! பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள்.

பாம்பு விஷம் பல புரதங்களின் கலவை. நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷம் நரம்பைக் கட்டிப்போடும். இமை தொங்கும், மூச்சு நிற்கும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. கண்ணாடி விரியன் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இந்த நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கு. விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்து எடுக்கிறார்கள்.

அதற்கு விஷம் எங்கிருந்து போகுது? 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம், செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் எடுத்துக் கொடுக்கிற விஷம்தான் நாட்டுக்கே பெரும்பகுதி. நம்ம மண்ணின் பாம்பு, நம்ம மக்களின் உழைப்பு. ஆனால் நடுராத்திரியில் கடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடினால், "டாக்டர் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்கிற பதில்!

இந்த மருந்து ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தைத்தான் மடக்கும். நரம்பும் சிறுநீரகமும் கெட்ட பிறகு எத்தனை குப்பி ஏற்றினாலும் கெட்டது உடனே திரும்பாது. அலைய விடுகிற ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு உலை.

நம்ம பக்கமும் தப்பு இருக்கு. கயிறு இறுக்குவது, பிளேடால் கீறுவது, மந்திரிப்பது எல்லாம் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

2030-க்குள் சாவைப் பாதியாகக் குறைப்போம் என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் திட்டம் வெளியிட்டது. அதே வருஷம் நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் செத்தவன் கணக்கை எழுதினால் மட்டும் போதுமா?

அரசே!
* எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 24 மணி நேரமும் மருந்தும் டாக்டரும் வேண்டும்!
* தாலுகா ஆஸ்பத்திரிதோறும் செயற்கைச் சுவாசக் கருவி வேண்டும்!
* மலையோரத் தோட்டங்களில் கடிக்கிற குழிவிரியனுக்கு இந்த மருந்து கேட்காது. அதற்கும் மருந்து தயாரிக்க வேண்டும்!
* ராத்திரி வயலுக்கு அலையாதபடி, பகலிலேயே மும்முனை மின்சாரம் வேண்டும்!

கேட்பது சலுகை அல்ல, உயிர். ஒன்றுபடுவோம்! போராடுவோம்!