அசையும் மேசை, அசையாத மேடை

சென்ற மாதம் உடப்புசல்லாவைக்குச் சென்றிருந்தேன். லயத்துக் காம்பராவில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த என் தங்கை, இப்போது ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் அமைந்த தனிவீட்டில் குடியிருக்கிறாள். கட்டாரில் ஹோட்டல் சமையலறை ஒன்றில் வேலை செய்யும் அவள் மகன் மூன்று இலட்சம் ரூபா அனுப்பியிருக்கிறான். சமையலறையின் நடுவே செங்கல் எழுப்பி, கறுப்புக் கிரனைட் பதித்த 'கிச்சன் ஐலண்ட்' ஒன்று கட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. தங்கைக்கோ ஒரு மர மேசை போதும். "நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க அண்ணே" என்றாள்.

கொழும்பு திரும்பியதும் நண்பர் ஒருவரிடம் இதைக் கூறினேன். படித்தவர், பண்பாளர். ஆனாலும் சிரித்துவிட்டார். "தோட்டத்து வீட்டுக்கு ஐலண்டா?" என்றார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பொருத்தப்பட்ட சமையலறை என்பது மாளிகைகளுக்கு மட்டும் உரியதென்று எண்ணுவோர் வரலாறு அறியாதவர்கள். 1926இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் சாதாரண உழைப்பாளர் குடும்பங்களுக்கான குடியிருப்புத் திட்டத்திற்காகவே மார்கரேட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் தம் புகழ்பெற்ற சமையலறையை வடிவமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. வேலை முடிந்து வீடு திரும்பும் பெண் சமையலறையில் வீணாக நடக்கக்கூடாது என்பதே அதன் நோக்கம். நாள் முழுதும் கொழுந்துக் கூடையைச் சுமந்துவிட்டு, மாலையில் தரையில் குந்தி ரொட்டிக்கு மா பிசையும் பெண்ணுக்கு இடுப்பு உயரத்தில் ஒரு தளம் வேண்டும் என்றால், அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

என் தந்தையும் ஒருமுறை அப்படியொரு தளம் கட்டினார். எழுபதுகளின் இறுதி. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா; அதன் முன்னே இஸ்தோப்பு; அங்கேதான் அடுப்பு. அம்மாவுக்கு முதுகுவலி. அப்பா உடைந்த செங்கற்களைப் பொறுக்கி வந்து, மண் குழைத்து, ஒரு மேடை எழுப்பினார். மூன்றாம் நாள் தோட்ட நிர்வாகத்திலிருந்து ஆள் வந்தது. அனுமதியின்றிக் கட்டியது குற்றம் என்றார்கள். கட்டிய கையாலேயே அப்பா அதை இடித்தார். பிறகு, கழித்துவிடப்பட்ட தேயிலைப் பெட்டி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து கவிழ்த்து வைத்தார். அம்மா சாகும்வரை அதுவே எங்கள் வீட்டு மேசை. அசையும் மேசை! நாங்கள் தெரிவு செய்தது அன்று, எங்களுக்கு விதிக்கப்பட்டது.

ஆகவே மருமகனின் ஆசையின் வேர் எனக்குத் தெரியும். யாராலும் தூக்க முடியாத ஒன்றைத் தாய்க்குக் கட்டித்தர விரும்புகிறான். ஆயினும் அவன் திட்டத்தை நான் ஏற்கவில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, அளவு. வீடு சுமார் 550 சதுர அடி. சமையலறையை நானே அளந்தேன். எட்டுக்கு ஒன்பது அடி. சுவரோரத் திண்டுக்கு இரண்டடி, நடுமேடைக்கு இரண்டரை அடி, இடையில் ஒருவர் குனிந்து நிமிர மூன்றரை அடி. எட்டடியும் தீர்ந்துவிடுகிறது, மறுபக்கம் நடக்க வழியில்லை. பூட்டக்கூடிய சில்லுகளும் முழங்கைக்கு நான்கு விரல் தாழ்ந்த உயரமும் உடைய மர மேசையோ, காலையில் மா பிசைய உதவும். மாலையில் முன்னறைக்குப் போய்ப் பேத்தியின் படிப்பு மேசையாகும். சாவு வீடானால் சுவரோரம் ஒதுங்கும்.

இரண்டாவது காரணம் கனதியானது. தங்கையிடம் வீட்டுச் சாவி இருக்கிறது. காணி உறுதி இல்லை. நிலத்தோடு பொருத்தப்பட்டது நிலத்துக்கே சேரும் என்பது நம் நாட்டில் நடைமுறையிலுள்ள உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. மேசை என் தங்கையுடையது. மேடையோ, நிலம் யாருடையதோ அவருடையது. உறுதி கையில் இல்லாதவள் கிரனைட் பதித்தால், கட்டாரில் மகன் சிந்திய வியர்வையைப் பிறர் நிலத்தில் பதித்ததாகும்.

தோட்ட நிலங்கள் 1972க்கும் 1975க்கும் இடையில் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இரண்டு முறை கைமாறியபோதும் லயத்தில் இருந்தவருக்கு ஓரடி மண்ணும் எழுதப்படவில்லை. அதற்கு முன்னரே, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மை நாடற்றவராக்கியது; 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. தூக்கிச் செல்லக்கூடிய தகரப்பெட்டியே எங்கள் சொத்து என்ற நிலை இவ்வாறே உருவானது.

நகர்த்தவே படைக்கப்பட்டவர்கள் என்று எம்மைக் கருதியவர்கள், நகர்த்த வேண்டிய வேளையில் நகர்த்தினார்களா? 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் குறித்து முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. போவதற்கு அந்த மக்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை.

வீடுகள் வருகின்றன, மறுக்கவில்லை. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, முன்னர் உறுதியளித்த 4,000 வீடுகளுக்கு மேலாக 10,000 வீடுகளை அறிவித்தபோது திரண்ட கூட்டத்தின் மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் வீடு கிடைத்த எல்லோருக்கும் உறுதி உடன் கிடைத்துவிடவில்லை. நாடா வெட்டும் நாளில் சாவியைக் கொடுக்கும் கை, அதே நாளில் உறுதியையும் கொடுப்பதில் என்ன தடை? நில அளவைக்காரர் வந்து எல்லை குறித்த பின்தானே அத்திவாரம் வெட்டினீர்கள்? உடப்புசல்லாவைத் தேயிலைக்கு இலங்கைத் தேயிலைச் சபை தனிப் பிரதேசப் பெயரும் இலச்சினையும் வழங்கியிருக்கிறது. அத்தேயிலையைப் பறிக்கும் பெண்ணுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலத்தைப் பெயரிட்டு எழுத ஏன் இத்தனை காலம்?

மருமகனிடம் தொலைபேசியில் இவ்வளவையும் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. "அப்போ மேடை வேணாமா மாமா?" என்றான்.

"இப்போது மேசை செய்வோம். மீதிப் பணத்தை வங்கியில் போடு. உறுதி வந்ததும் பின்பக்கச் சுவரைத் தள்ளிச் சமையலறையைப் பெரிதாக்கு. உன் அம்மா அப்போதும் மேசையே போதும் என்றால் அது அவள் விருப்பம்" என்றேன்.

மேசைக்குத் தச்சரிடம் சொல்லியாயிற்று. உறுதிக்கு யாரிடம் சொல்வது? பொறுப்பிலிருப்போர் பதில் கூறட்டும்.