குதிரை ஆசையும் கொட்டகைக் கணக்கும்



'ஆசை இருக்கு தாசில் பண்ண. அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கழுதை மேய்ப்பது கேவலம் என்ற எண்ணம் அந்தப் பழமொழிக்குள் இருக்கிறது. என்னைக் கேட்டால், மேய்க்கிறவனுக்கு அந்தக் கழுதை சொந்தமா, மேயும் இடம் சொந்தமா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

நோட்டுப் புத்தகத்தின் ஓரமெல்லாம் குதிரை வரைகிற பிள்ளை எல்லாத் தோட்டப் பள்ளியிலும் உண்டு. "பெரியவனானதும் குதிரைப் பண்ணை வைப்பேன், சார்" என்பான். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். பெற்றோர்களே, சிரிக்காதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

குதிரை நமக்கு அந்நியமல்ல. சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கழகம் 1896-இல் தொடங்கியது. கோலாலம்பூர் அம்பாங் சாலையில் இன்று இரட்டைக் கோபுரம் நிற்கும் நிலம்தான் அதன் பழைய திடல். 1990-களின் தொடக்கத்தில் கழகம் சுங்கை பீசிக்கு மாறியது. லாயத்தில் தீனி வைத்து, தேய்த்துக் குளிப்பாட்டி, விடியுமுன் குதிரையை நடத்திச் சென்றவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். காது அசைவைப் பார்த்தே குதிரையின் மனத்தைப் படித்தவர்கள் அவர்கள். ஆனால் குதிரை முதலாளியுடையது. அறிவு நம்மிடம், உடைமை வேறிடம்.

தோட்டத்தில் கதை கொஞ்சம் வேறு. இருட்டோடு பால் கறந்து ஊற்றிவிட்டுப் பால்மரம் வெட்டப் போன குடும்பங்கள் எத்தனை! மகன் படிப்புக்கு ஒரு மாடு, மகள் கலியாணத்துக்கு இரண்டு மாடு என்று விற்றுக் கரையேறினார்கள். அதுவும் பண்ணைதான். யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவே.

இப்போது கணக்குக்கு வருவோம். பெட்டைக் குதிரை சினை தாங்குவது ஏறத்தாழ 11 மாதம். ஈனுவது பெரும்பாலும் ஒரே குட்டி. அந்தக் குட்டி ஆள் ஏறப் பழகுவதற்கு 3 வயதாவது ஆகவேண்டும். ஆக, இன்று சினைப்பட்டால் காசைக் கண்ணால் பார்க்க ஏறக்குறைய 4 ஆண்டு. அதுவரை தீனி, 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீர்செய்தல், குடற்புழு மருந்து, வைத்தியர் என்று செலவு மட்டுமே. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கடும் வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. நம் ஊர் ஈரத்தில் கொட்டகை காயாவிட்டால் குளம்பும் அழுகும்.

அதே 4 ஆண்டில் பசு என்ன தரும்? அது 9 மாதத்துக்குச் சற்று மேல் சினை தாங்கும். ஒழுங்காகப் பராமரித்தால் 3 கன்று பார்க்கலாம். நடுவில் பாலும் உண்டு. வெள்ளாடு 5 மாதத்தில் குட்டி போடும். பல சமயம் இரட்டை. ஆகவே ஆட்டில் தொடங்கி, மாட்டில் வளர்ந்து, பிறகு குதிரையைத் தொடுவதே நம் கைக்கு ஏற்ற படி.

வாங்குகிறவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். சிங்கப்பூரில் 180 ஆண்டுக்கு மேல் நடந்த குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு நின்றது. பந்தயத்தை நம்பிப் பண்ணை போடும் காலம் இதுவல்ல. சவாரி பழக்குவது, கலியாண ஊர்வலம் போன்ற சிறு வழிகளே மிச்சம். ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி திருவிழாச் சந்தைக்குக் குதிரைகள் வந்து குவியும். கிள்ளான் பக்கம் அப்படியொரு சந்தை நமக்கில்லை.

இன்னொன்று. காங்கேயம் மாடு பேர் பெற்றதில் பழையகோட்டைப் பட்டக்காரருக்குப் பெரும் பங்குண்டு. நல்ல காளையையும் நல்ல பசுவையும் பார்த்துச் சேர்த்ததால் இனம் உயர்ந்தது. நாமோ அவசரம் வந்தால் நல்ல கிடாரியைத்தான் முதலில் விற்கிறோம். அதற்குத்தான் விலை கிடைக்கிறது. மீந்த நோஞ்சானை வைத்துக்கொண்டு பண்ணை வளராது.

எல்லாவற்றுக்கும் மேல் நிலம். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புக்காகக் கைமாறியபோது, கொட்டகை நம்முடையது, தரை கம்பெனியுடையது என்ற உண்மை சுட்டது. மாட்டுக்கு மாற்றிடம் கிடைக்காமல் பலர் வந்த விலைக்கு விற்றார்கள். தலைமுறையாகச் சேர்த்த கைப்பழக்கமும் அதோடு போயிற்று.

எனவே ஆசையுள்ளவர்கள் பிராணிக்கு முன் இடத்தைத் தேடுங்கள். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்தாலும் சரி, குத்தகையை எழுத்தில் வாங்குங்கள். 4 ஆண்டு காத்திருக்க வேண்டிய பிராணிக்கு 1 ஆண்டுக் குத்தகை உதவாது. நகராண்மையிடமும் கால்நடைச் சேவைத் துறையிடமும் விதிகளைக் கேட்டறியுங்கள். சினை, ஈற்று, மருந்து, செலவு அனைத்தையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. செர்டாங் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் படிப்பு இருக்கிறது. அதன் வாசல் அறிவியல் பாடம். ஆண் பிள்ளைக்கு மட்டுமல்ல, பெண் பிள்ளைக்கும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது.

பெற்றோர்களே, இடவசதியும் அனுமதியும் இருந்தால் பிள்ளைக்கு ஒரு பெட்டை ஆடு வாங்கிக் கொடுங்கள். அது போடும் குட்டியை விற்றால், அந்த வெள்ளியைப் பிள்ளை பெயரிலேயே வங்கியில் போடுங்கள். நல்ல குட்டியை மட்டும் விற்காதீர்கள்.